மட்டக்குதிரையைக் கேட்டு வந்த சித்தப்பா

என் சித்தப்பாவிடம் கோவேறு கழுதைகள் இருந்தன. எங்கள் தீவின் தெற்கே, சுரினாம் என்ற ஊர்ப் பக்கம் எங்களைப் போன்ற சிறு தோட்டக்காரர்களின் கரும்பெல்லாம் அவர் வண்டியில்தான் ஆலைக்குப் போக வேண்டும். வெட்டிய கரும்பு கிடந்தால் புளித்துவிடும், ஆலையில் வாங்க மாட்டார்கள். அது தெரிந்தேதான் ஒரு அறுவடையில் எங்கள் கரும்பை ஏற்ற முடியாது என்றார். பாதையோரத்து நிலத்தை அப்பா அவருக்கு விட்டுக்கொடுக்கவில்லையாம். கூடப் பிறந்த அண்ணன் என்று பார்த்தாரா, பாவி? அப்பா கட்டுக் கட்டாகத் தலையிலேயே சுமந்தார். பாதிக் கரும்பு போய்ச் சேர்ந்தது. படுத்த அப்பா எழுந்திருக்கவே இல்லை.

அம்மாவின் தோட்டை விற்று, போ பசான் ஊரில் ஒரு துரை கழித்துவிட்ட மட்டக்குதிரையை வாங்கினேன். தீமோர் ஜாதி. கொண்டுவந்து விட்ட வண்டிக்காரர் அதன் பூர்வீகத்தைச் சொன்னார். கிழக்கே வெகுதூரத்தில் தீமோர் என்று ஒரு தீவாம். கல்லும் மேடுமான ஊர், கோடையில் புல்லே இருக்காதாம். அங்கே பிழைத்துக் கிடந்ததால் உடம்பு குறுகி, குளம்பு இறுகிவிட்டதாம். கப்பலில் வந்து இறங்கி, ஒரு காலத்தில் துரைமார் வண்டிகளை இவைதான் இழுத்தனவாம். உயரமான குதிரைகள் வந்ததும் இவற்றைக் காய்கறி விற்பவர்களிடமும் எங்களைப் போன்றவர்களிடமும் தள்ளிவிட்டார்கள். நான் நாயைப் பூட்டி வண்டி ஓட்டப் போகிறேன் என்று சித்தப்பா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டேன். அதுவோ கரும்புத் தோகையைத் தின்றுவிட்டு, சின்ன வண்டியோடு ஓடைச் சரிவில் அலட்டிக்கொள்ளாமல் ஏறியது.

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. ஓடைப் பாதை சேறானது. சித்தப்பாவின் கனத்த வண்டி அச்சுவரை புதைந்து, ஒரு கழுதைக்குக் கால் முறிந்தது. மற்றவை சேற்றில் இறங்க மறுத்தன. அவருடைய கரும்பு முழுவதும் வெட்டிக் கிடந்தது. எனக்கு வயிறு குளிர்ந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்?

மறுநாள் எனக்குக் காப்பு. அம்மா காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்தால் தீ மிதிக்கிறேன் என்று நேர்ந்திருந்தேன். காப்புக் கட்டுகிறவர்கள் யார்மேலும் பகை வைத்திருக்கக் கூடாது, முதல் நாளே போய்ச் சமாதானம் ஆகிவிட வேண்டும் என்பது எங்கள் கோவில் வழக்கம். அதை நம்பித்தான் அன்று சாயங்காலம் சித்தப்பா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மனசுல பகைய வச்சிக்கிட்டு நெருப்புல எறங்கக் கூடாது, புள்ள. குதிரைய ரெண்டு நாளைக்குக் குடு."

"அப்ப நான் எறங்கல, சித்தப்பா."

அவர் போனதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தன் உயிருக்காக நேர்ந்தது, சாமி குத்தமாகிவிடும் என்றாள். எனக்கும் பயம்தான். ஆனால் கட்டுச் சுமையோடு மேடேறிய அப்பாவை நினைத்தேன், மனம் இளகவில்லை.

காலையில் கோவிலில் காப்புக் கட்டும் மேளம் கேட்டது. குதிரையை வெறும் வண்டியில் பூட்டி, புளிப்பு வாடை அடித்த அவர் கரும்புக் குவியலை ஒட்டி மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன்.