மூன்றாவது நாற்காலி

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் மூத்த மகனுக்குப் பிறந்த முதல் மாதத்தில் வாய் ஒன்றுதான் இருந்தது. சித்தூரில் நாங்கள் குடியிருந்த தெரு முழுக்க அவன் அழுகை கேட்கும். உடம்பில் மட்டும் சதை பிடிக்கவில்லை. என்னிடம் பாலுக்குக் குறைவில்லை. உட்கார்ந்து கொடுக்கத்தான் முடியவில்லை.

எட்டாம் மாதத்தில் கிணற்றடியில் வழுக்கி விழுந்திருந்தேன். முதுகெலும்பின் நுனியில் பட்ட அந்த அடி, பிரசவத்துக்குப் பிறகு ஆளைக் கொன்றது. காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் கண்ணில் நீர் முட்டும். படுத்துக்கொண்டு கொடுத்தால் பிள்ளைக்குக் காதில் சீழ் பிடிக்கும் என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பயமுறுத்தினார்கள். வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கிய துணிச் சாய்வு நாற்காலியில் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தேன். அதற்குள் போன என்னையும் பிள்ளையையும் இரண்டு பேர் சேர்ந்து வெளியே எடுத்தார்கள். போதாக்குறைக்கு, ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் துரை பால் குடிப்பார். நின்றபடியே ஆட்டி ஆட்டிக் கொடுத்ததில் எனக்குக் கால் இரண்டும் வீங்கிப்போயின.

ஆஸ்பத்திரி நர்சம்மா எடை பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இன்னும் பதினைந்து நாள் பார்க்கலாம், ஏறாவிட்டால் டப்பாப் பால்தான் என்றார். டப்பாப் பாலில் தேறாமல் போன குழந்தைகளை எங்கள் தெருவிலேயே நான் பார்த்திருந்தேன். என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே மனம் கேட்கவில்லை போலிருக்கிறது. ராக்கிங் சேர் ஒன்று கிடைத்தால் வாங்கிக்கொள், பின்னால் சாய்ந்தால் அடிபட்ட இடத்தில் பாரம் விழாது, பிள்ளைக்கும் ஆட்டம் கிடைக்கும் என்று யோசனை சொன்னார்.

என் கணவர் ஊரில் இல்லை. ஆந்திரா தனி ராஜ்யமாகி, எந்தக் கிராமம் இந்தப் பக்கம், எந்தக் கிராமம் மெட்ராஸ் பக்கம் என்று பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவான அவரைச் சத்தியவேடு பக்கம் நிலக் கணக்குகளை நகல் எடுக்க அனுப்பியிருந்தார்கள். வாரம் ஒரு கடிதம் வரும். அதில் பாதி எல்லைக் கதையாக இருக்கும். எல்லை எங்கே போனால் எனக்கென்ன, பிள்ளைக்கு வயிறு நிறைந்தால் போதும் என்று சுள்ளென்று பதில் எழுதினேன். நாற்காலிக்குப் பணம் அனுப்பினார். கூடவே தன் அக்காவையும் அனுப்பினார்.

நாத்தனார் நாராயணவனத்திலிருந்து ஒரு துணிப்பையோடு வந்து இறங்கினார். நாற்பதைத் தாண்டியவர், பிள்ளை இல்லை. என் அம்மா உயிரோடு இல்லாததால் எனக்குப் பத்தியம் சமைத்துப்போட அவரை விட்டால் ஆளில்லை. அவர் வந்த அன்றே பக்கத்து வீட்டு அம்மாள் என் காதைக் கடித்தாள்: பிள்ளை பெறாதவள் மடியில் பச்சைக் குழந்தையைப் போடாதே, ஆகாது. நான் அதை நம்பினேன். இன்றைக்கு எழுதும்போதும் கூசுகிறது, ஆனால் நம்பினேன்.

அவர் பூண்டுக் குழம்பு வைத்தார், துணி துவைத்தார், எனக்கு வெந்நீர் ஊற்றினார். மொதல்ல நீ நல்லா துன்னு என்று கிட்ட உட்கார்ந்து அதட்டினார். குழந்தையை மட்டும் தொடவே இல்லை. அவன் வீறிட்டு அழுதாலும் என்னைத்தான் கூப்பிடுவார். கர்வம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அது சவுகரியமாகவும் இருந்தது.

ராக்கிங் சேர் சித்தூரில் வக்கீல் வீடுகளில்தான் இருந்தது. மாற்றலாகிப் போகும் உத்தியோகஸ்தர்கள் விற்றுவிட்டுப் போன சாமான்கள் திருப்பதியில் ரயிலடிப் பக்கம் ஒரு கடையில் கிடைக்கும் என்றார்கள். ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, பிள்ளையை நானே வைத்துக்கொண்டு நாத்தனாரோடு பஸ்ஸில் போனேன். திருப்பதி வரைக்கும் போய் மலை ஏறாமல் நாற்காலி வாங்கித் திரும்பியவர்கள் எங்கள் குடும்பத்தில் நாங்கள் இரண்டு பேர்தான்.

கடையில் மூன்று நாற்காலிகள் இருந்தன. கடைக்காரர் எண்ணெய் போட்டதுபோல் ஆடுகிறது பாருங்கள் என்று தெலுங்கில் பெருமையடித்து, ஒன்றைக் காலால் தள்ளிவிட்டார். நாத்தனார் ஓடிப்போய்க் கையால் பிடித்து நிறுத்தினார்.

"காலியா ஆட்டாதப்பா. கொழந்தைக்கு வாங்கறது."

காலியாக ஆட்டினால் குழந்தைக்கு ஆகாது என்பதெல்லாம் தொட்டிலுக்குத்தானே அம்மா என்று கடைக்காரர் சிரித்தார். எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான் என்று நாத்தனார் அவர் வாயை அடைத்துவிட்டார். ஆக, யாராவது உட்கார்ந்துதான் ஆட்டிப் பார்க்க வேண்டும். முதல் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். ஆறடி ஆளுக்குச் செய்தது. என் கால் தரையைத் தொடவில்லை. எழுந்திருக்கும்போது உயிர் போய் உயிர் வந்தது. நீ நில்லு, நமக்கு ஒரே உயரம்தானே, நான் பாக்கறேன் என்றார் நாத்தனார். ஆம்பிளைகள் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து பழகாத மனுஷி. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தார்.

வெறும் கையோடு உட்கார்ந்தால் தெரியாது என்று, பிள்ளையின் மாற்றுத் துணிகளைத் துண்டில் சுருட்டி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். முழங்கையைக் கைப்பிடியில் ஊன்றி ஆடினார். கைப்பிடி தாழ்வு, தோள் இறங்குகிறது என்று எழுந்துவிட்டார். மூன்றாவதில் உட்கார்ந்து, மூட்டையை இடது பக்கம் வைத்து ஆடினார். வலது பக்கம் மாற்றி ஆடினார். திருப்தி வரவில்லை. துணிக்குப் பாரம் இல்லையே, கை தாங்குமா தாங்காதா என்று எப்படித் தெரியும் என்று கடைக்காரரிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. என் கையிலிருந்த பிள்ளையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நாலு பேர் பார்க்க, கடை நடுவில், துணி மூட்டையை அணைத்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார் அவர். எதிரே நிஜப் பிள்ளையை வைத்துக்கொண்டு நான் மரம் மாதிரி நின்றேன். சீ, நீயும் ஒரு பெண்பிள்ளையா என்று என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. மூட்டையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவர் மடியில் பிள்ளையைப் போட்டேன்.

அவர் ஒரு நிமிடம் ஆடவே இல்லை. பிறகு மெல்ல ஆடினார். பஸ்ஸில் வழியில் சந்திரகிரியிலிருந்தே அழுதுகொண்டு வந்தவன் அடங்கினான். அடங்கி, அவர் மார்பில் முகத்தைப் புரட்டிப் பால் தேடினான்.

"இங்க ஒண்ணும் இல்லடா நைனா. உங்கம்மாகிட்ட இருக்குது" என்று சிரித்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைத்துக்கொள்ள அவருக்குக் கை ஒழியவில்லை.

இது போதும், கை தாங்குது என்று எழுந்து என்னை உட்கார வைத்தார். கடைக்காரர் நல்ல மனிதர், தானாகவே வெளியே போய் நின்றுகொண்டார். நாத்தனார் ஒரு புடவையை விரித்துத் திரையாகப் பிடித்தார். பிள்ளை குடித்தான், குடித்தான், அப்படிக் குடித்தான். வலிக்காமல் நான் பால் கொடுத்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. நர்சம்மாவுக்கும், அந்த நாற்காலியை விற்றுவிட்டுப் போன முகம் தெரியாத மகராசனுக்கும் மனதுக்குள் கும்பிடு போட்டேன். பதினைந்தாம் நாள் தராசைப் பார்த்து நர்சம்மா என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

நாற்காலியை வாங்கிய அன்றைக்கே அதை பஸ் மேலே கட்டிக்கொண்டு திரும்பினோம். பிள்ளை நாத்தனார் மடியில் தூங்கினான். எனக்கு மனசு ஆறவில்லை, கேட்டேவிட்டேன்.

"அண்ணி, இத்தினி நாளா ஒரு வாட்டிகூட ஏன் இவன நீங்க தூக்கல?"

"நான் கிட்ட வந்தாலே நீ புள்ளைய இறுக்கிப் புடிச்சிக்கினு இருந்தியேம்மா. பயந்துக்கினு குடுத்தா பால் எறங்காது. கொழந்த பட்டினி கெடக்கும். அதான் தள்ளியே நின்னேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் பிள்ளையின் தலைத்துணியைச் சரிசெய்தார். எனக்கு அழுகை வந்தது. அவர் தோளில் தலையைச் சாய்த்தேன். சித்தூர் வந்து சேரும்வரை எங்கள் இரண்டு பேரையும் அவர்தான் தாங்கிக்கொண்டு வந்தார்.