உள்ளே மாட்டிய இரண்டு டயர்

பிள்ளைகளா, போன வெள்ளிக்கிழமை பெரியவள் போனில் கேட்டாள், "ஏம்ப்பா, யார்டுல சத்தம் போட்டு சண்டை புடிச்சியாமே, அம்மா அழுவுது" என்று. அப்போது ரூமில் ஆறு பேர் பக்கத்தில் இருந்தார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒன்றுமில்லாமல் இல்லை. நடந்ததை எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுதுவது, எழுத்துப் பிழை இருந்தால் சின்னவன் சிரிக்கக் கூடாது. கோபம் இன்னும் அடங்கவில்லை. அடங்கட்டும் என்று காத்திருந்தால் எழுதவே மாட்டேன்.

அஜ்மானில் எங்கள் யார்டில் நிற்கிற வண்டிகளை நீங்கள் போட்டோவில் பார்த்திருக்கிறீர்கள். ஒரு வீட்டைத் தூக்கிச் சக்கரத்தின் மேல் வைத்த மாதிரி இருக்கும். கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், கக்கூஸ், தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே. மோட்டார்ஹோம் என்பார்கள், எங்களுக்கு வீட்டுவண்டி. இந்த ஊரில் குளிர் ஆரம்பித்ததும் ஜனங்கள் கரி மூட்டையும் பாயும் எடுத்துக்கொண்டு கடற்கரைக்கும் மணல் காட்டுக்கும் போய்ப் படுப்பார்கள். வசதி உள்ளவர்கள் வீட்டுவண்டியை வாடகைக்கு எடுப்பார்கள். டிரைவரோடு வேண்டும் என்றால் நான் போவேன். மற்ற நாளில் கழுவுவது, வீல் கழற்றுவது, காற்று பார்ப்பது என் வேலை.

வெயில் காலம் முழுக்க இந்த வண்டிகள் சும்மா நிற்கும். டயர் சாவது அப்போதுதான். ஓடித் தேய்ந்த டயரைக் குருடனும் தடவிச் சொல்லிவிடுவான். நின்றே செத்த டயர் அப்படியில்லை. ரோட்டில் உரசுகிற பட்டன் முழுசாக இருக்கும், கறுப்புப் பாலிஷ் அடித்தால் கடையில் இருந்து வந்த மாதிரி பளபளக்கும். சைடை உற்றுப் பார்த்தால்தான் மயிரிழை மாதிரி வெடிப்பு ஓடியிருப்பது தெரியும். அதனால் பட்டனைப் பார்க்காதே, எண்ணைப் பார். சைடில் ஒரு கட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். முதல் இரண்டும் அது செய்த வாரம், அடுத்த இரண்டும் வருடம். இந்த வெயிலில் ஐந்து வருடம் தாண்டிய டயரை நான் நம்ப மாட்டேன்.

எங்கள் பெரிய வண்டிக்கு ஆறு டயர். முன்னால் இரண்டு, பின்னால் பக்கத்துக்கு இரண்டாக நாலு. பின்னால் இருப்பது ஜோடி டயர், ஒன்று வெளியே தெரியும், ஒன்று உள்ளே மறைந்திருக்கும். போன வெயிலில் ஆறையும் மாற்ற வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவர் நம்ம ஆள்தான், திருநெல்வேலிப் பக்கம், எல்லாரும் அண்ணாச்சி என்போம். நாலு டயர் வந்து இறங்கியது.

"நாலு போதும்வே. முன்னாடி ரெண்டு, பின்னாடி வெளிய ரெண்டு. பழசுல நல்லதாப் பாத்து உள்ள தள்ளிரும்."

"உள்ளதுக்கும் அதே பாரம்தானே அண்ணாச்சி. புதுசையும் பழசையும் ஜோடி போடவும் கூடாது."

"உள்ள எவன்வே படுத்துப் பாக்கான்?"

நான் மாட்டினேன். இதை நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். அண்ணாச்சி மாட்டவில்லை, நான் மாட்டினேன். எண் இருக்கிற பக்கம் வண்டிக்கு அடியில் போகிற மாதிரி திருப்பி மாட்டினேன். எங்கள் யார்டில் மட்டும் இல்லை, இங்கே பல இடத்தில் இதுதான் வழக்கம். கஸ்டமர் கண்ணில் படுவது புதுசு, படாதது பழசு. உம் அல் குவைன் கடற்கரைக்குத்தானே போகும், அரை மணி நேரம், என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு மாதம் அப்படித்தான் ஓடியது. போன வாரம் டியூட்டி சீட்டில் பார்த்தால் பெரிய வண்டி, நான்தான் டிரைவர், போகிற இடம் சோஹார். அது ஓமானில், பார்டருக்கு அந்தப் பக்கம். மலை ஏறி இறங்கி இருநூறு கிலோமீட்டர். நேராக அண்ணாச்சியிடம் போனேன்.

"உள் டயர் ரெண்டும் எட்டு வருசத்து டயரு அண்ணாச்சி. மாத்தாம போவ முடியாது."

"காத்தக் கொஞ்சம் குறைச்சு வச்சு ஓட்டும். சூட்டுல காத்து விரியும்லா, சரியாப் போயிரும்."

இந்த ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். மணலில் இறங்கக் காற்றைக் குறைத்துப் பழகிய புத்தி. குறைந்த காற்றில் பாரவண்டியை ரோட்டில் ஓட்டினால் டயர் நசுங்கி நசுங்கி நிமிரும், அதில்தான் சூடு ஏறும், ஏறிக் கிழியும். உள் டயர் வெடித்தால் அதன் பாரமும் பக்கத்து டயர் மேல் விழும். அதுவும் போனால் வீடு சாயும். சொன்னேன்.

"பத்து வருசமா வீல் கழட்டுனவன் எனக்குப் பாடம் எடுக்கான். யல்லா, போயி பாலிஷ் அடியும்வே."

போய் அடித்தேன். ஆறு டயருக்கும் அடித்தேன். கை அது பாட்டுக்கு அடிக்கிறது, எனக்கு என் கையைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலையில் அவர்கள் வந்தார்கள். துபாயில் வேலை பார்க்கிற தமிழ்க் குடும்பம், கோயம்புத்தூர்க்காரர்கள். புருஷன், பெண்டாட்டி, இரண்டு பெண் குழந்தைகள். சின்னது தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நேராக வண்டிக்குள் ஏறி மேல் கட்டில் எனக்குத்தான் என்று கத்தியது. அந்தக் கட்டில் இருப்பது டிரைவர் சீட்டுக்கு மேலே. நான் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

"சார், இந்த வண்டியில போவக் கூடாது. பின்னாடி உள் டயர் ரெண்டும் சரியில்ல."

"எல்லாம் புது டயராத்தான இருக்கு? போட்டோ கூட அனுப்பினாங்களே."

"வெளிய இருக்கறது புதுசு சார்."

அண்ணாச்சி சிரித்தார். "சார், அவனுக்கு லீவு வேணும். அதான் கத விடுதான்."

அந்த சாருக்கு என் மேல் கோபம் வந்துவிட்டது. "லீவு வேணும்னா கேட்டு வாங்குங்க டிரைவர். ரெண்டு மாசம் முன்னாடி புக் பண்ணினது. குழந்தைங்க முன்னாடி எதுக்கு இந்த டிராமா?"

"என்னை நம்ப வேணாம் சார். படுத்துப் பாருங்க, எண் இருக்கு."

அவர் தன் வெள்ளை பேண்ட்டைப் பார்த்தார். அந்தம்மா பீச்சில் விரிக்க வைத்திருந்த பாயை எடுத்து மண்ணில் போட்டு, படுத்து, வண்டிக்கு அடியில் தலையை விட்டார். போன் டார்ச்சை எங்கே அடிக்க வேண்டும் என்று நான் பக்கத்தில் குந்திச் சொன்னேன். எண்ணை வாய்விட்டுப் படித்தார், அர்த்தத்தையும் கேட்டுக்கொண்டார். அடியில் இருந்தே குரல் வந்தது.

"ஏனுங்க, இந்த டயருக்கு நம்ம சின்னவளை விட ரெண்டு வயசு ஜாஸ்திங்க."

எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "இதை யாருங்ணா மாட்டுனது?"

அண்ணாச்சியைக் கை காட்டியிருக்கலாம். "நான்தாம்மா."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"அப்ப அன்னிக்கு எங்கீங்ணா போச்சு இந்த வாய்?"

அங்கேதான் எனக்கு நிதானம் போனது. அந்தம்மா மேல் இல்லை. அவர் கேட்டது சரி, அதுதான் பொறுக்கவில்லை. அண்ணாச்சி பக்கம் திரும்பி, பத்து வருடத்தில் முதல் தடவையாக "யோவ்" என்றேன். "எவன்வே படுத்துப் பாக்கான்னு கேட்டியே, இந்தா, ஒரு பொம்பள படுத்துப் பாத்துட்டாங்கய்யா! ரெண்டு புள்ளைய மேல ஏத்திட்டு, கீழ செத்த டயர வச்சு அனுப்புறியே, உனக்குப் புள்ள இல்லியா?" இன்னும் சொன்னேன், அதையெல்லாம் உங்களுக்கு எழுத முடியாது. வண்டி கழுவிக்கொண்டிருந்த ஆட்கள் தண்ணீரை மூடிவிட்டு வந்து நின்றார்கள். நான் கத்தியதில் பாதி என்னைப் பார்த்துக் கத்தியது. அது அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது.

அந்த சார் வண்டியில் எழுதியிருந்த நம்பரில் முதலாளியைக் கூப்பிட்டார். முதலாளியை இங்கே அர்பாப் என்போம். அர்பாப் அண்ணாச்சியிடம் பேசியது அரை நிமிடம் இருக்கும். போனை வைத்ததும் அண்ணாச்சி, "போயி புது டயரு ரெண்டு வாங்கிட்டு வாரும். உம்ம விசா முடியட்டும், அப்புறம் கலாஸ்" என்றார். கலாஸ் என்றால் கதை முடிந்தது.

டயர் கடையில் இன்னொரு கூத்து. கடைக்கார பாய் முதலில் உருட்டி வந்தது லேபிள் கூடக் கிழிக்காத டயர். "ஏக்தம் நயா, பாய்" என்றான், சுத்தப் புதுசாம். எண்ணைப் பார்த்தால் நாலு வருடம். தகரக் கூரை குடோனில் வெந்து கிடந்தது எப்படிப் புதுசாகும்? இரண்டாவது ஜோடி போன வருடத்தது, சைஸும் சரி. ஆனால் சைஸுக்குப் பக்கத்தில் அது தாங்கும் பாரத்துக்கு ஒரு எண் இருக்கும், அது எங்கள் வண்டிக்கு வேண்டியதை விடக் குறைவு. சின்ன வேனுக்குப் போடுவது. "சைஸ் சேம் ஹை, ஜல்தி லே ஜாவ்" என்று அவன் அவசரப்படுத்த, அவனிடமும் கத்தினேன். மூன்றாவது ஜோடி எல்லாம் பொருந்தியது. கொண்டுவந்து, கதவு ஓரத்துத் தகட்டில் போட்டிருந்த அளவுக்குக் காற்று அடித்து மாட்டினேன்.

அவர்கள் கிளம்ப மதியம் ஒரு மணி ஆனது. அண்ணாச்சி என்னை அனுப்பவில்லை, ஓட்டியது வேறு டிரைவர். ஐம்பது கிலோமீட்டரில் நிறுத்தி நட்டை மறுபடி முறுக்கச் சொல்லி ஸ்பேனரை அவன் கையில் கொடுத்தேன். அந்தம்மா எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. வண்டி நல்லபடியாகப் போய்த் திரும்பிவிட்டது.

இப்போது டியூட்டி சீட்டில் என் பெயர் கழுவுகிற பக்கம் மட்டும் இருக்கிறது. விசா இன்னும் ஏழு மாதம். புதுப்பிக்க மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெரியவளே, உன் படிப்பு நிற்காது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். இதற்காக என்னைப் பெரிய ஆள் என்று நினைக்க வேண்டாம். போன வெயிலிலேயே மாட்ட மாட்டேன் என்று சொல்லியிருந்தால் நான் நல்லவன். அந்தக் குழந்தை கட்டிலில் ஏறிய பிறகு சொன்னேன்.

அவர்கள் கிளம்பிய மறுநாள் மதியம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு, சாமான் வைக்கிற கன்டெய்னருக்குப் பின்னால் போனேன். கழற்றிய அந்த இரண்டு டயரும் சாய்த்து வைத்திருந்தது. பழைய டயர் எடுக்கிற பிக்கப் வாரம் ஒரு தடவை வரும். பாலிஷ் அடித்து இன்னொருத்தன் வண்டிக்கு உள் டயராகப் போகும். சோப்புத் தண்ணீரைச் சைடில் ஊற்றினேன், கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கும். காலால் மிதித்துக்கொண்டு ஒரு முழ நீளத்துக்கு அறுத்தேன். கம்பி தெரிந்தது. புரட்டிப் போட்டு அந்தப் பக்கமும் அறுத்தேன். பிறகு இரண்டாவது டயரை இழுத்துப் போட்டு, அதற்கும் சோப்புத் தண்ணீர் ஊற்றினேன்.