ஆம்பூரில் சந்தித்த இரண்டு கரைகள்

ஞாயிறு காலை பத்தரை மணிக்கு ஆம்பூர் ரயில் நிலையத்தில் இறங்கினேன். சென்னையிலிருந்து நூற்றெண்பது கிலோமீட்டர். ஜூன் மாத வெயில் அரக்கோணத்திலேயே பெட்டிக்குள் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. கடல் தகராறு ஒன்றைப் பேசித் தீர்க்கப்போகிறோம், வந்து பாருங்கள் என்று அழைத்திருந்தாள் ஜெசிந்தா. எந்தத் திசையில் நடந்தாலும் கடலைப் பார்க்க நாலைந்து நாள் ஆகும் ஊரில் என்ன கடல் தகராறு என்று கேட்டேன். அதனால்தான் இங்கே என்றாள்.

பேச்சுவார்த்தை என்றாலே எனக்குக் கொட்டாவி வரும். சென்னையில் எங்கள் அடுக்குமாடிச் சங்கத்தில் கார் நிறுத்தும் இடத்துக்காக வருடக்கணக்காகப் பேசிக்கொண்டிருக்கிறோம். இதுவரை தீர்மானமானது அடுத்த கூட்டத்தின் தேதி மட்டுமே. அந்த அவநம்பிக்கையையும் பையில் வைத்துக்கொண்டுதான் ஆட்டோ ஏறினேன்.

ஷூ கம்பெனி பெயரைச் சொன்னதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "ஞாயித்துக்கெழம கம்பெனி லீவாச்சே மேடம், இன்னா வேல?" என்றார். சாம்பிள் பார்க்க வந்திருக்கிறேன் என்று ஜெசிந்தா சொல்லிக்கொடுத்த பொய்யைச் சொன்னேன். அவர் உடனே மரியாதையாக எண்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். சாம்பிள் பார்க்க வராதவர்களுக்கு அறுபதுதானாம், பிறகு தெரிந்தது.

ஜெசிந்தா பேரணாம்பட்டுக்காரி. முன்பு ஒரு ஷூ கம்பெனியில் தரப் பரிசோதகராக இருந்தவள். நான் தோல் தொழில் பற்றி எழுத வந்தபோது பழக்கம். இப்போது நான்கு தோழர்களுடன் சின்னதாக ஓர் அமைப்பு நடத்துகிறாள். பாலாற்று விவசாயிகளுக்கும் தோல் பதனிடுபவர்களுக்கும் நடுவே உட்கார்ந்து பேசவைத்ததில் தொடங்கி, இன்று இரண்டு நாட்டு மீனவர்கள் வரை வந்திருக்கிறார்கள். கட்சி இல்லை, அரசுப் பணம் இல்லை. கூட்டம் நடத்த ஒரு கம்பெனி முதலாளி தன் சாம்பிள் அறையை இரவல் கொடுத்திருந்தார். வெளிநாட்டு பையர்கள், அதாவது சரக்கு வாங்குபவர்கள், வந்து ஷூக்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பேரம் பேசும் அறை அது. சுவர் முழுக்க ஒற்றைக் கால் ஷூக்கள். தோல் வாடை மூக்கில் ஏறியது.

"கவர்மென்ட் ஆளுங்க உக்காந்தா அவங்க வாயில வர்ற ஒவ்வொரு வார்த்தையும் கவர்மென்ட் வார்த்த ஆய்டும்க்கா. அப்புறம் வாபஸ் வாங்க முடியாது. எங்க பின்னாடி யாருமே இல்ல. அதனாலதான் எங்ககிட்ட தைரியமாப் பேசுறாங்க" என்றாள். படம் எடுக்கக் கூடாது, மீனவக் கிராமங்களின் பெயரை எழுதக் கூடாது என்பது எனக்கு அவள் போட்ட நிபந்தனை.

உள்ளே எதிரெதிரே உட்கார்ந்திருந்தவர்கள் இருவர், ஆளுக்கு இரண்டு துணையோடு. ஒருவர் ராமேசுவரம் பக்கத்துக் கிராமம் ஒன்றின் விசைப்படகுச் சங்கத் தலைவர் சேசுராஜ். உரத்த குரல். மற்றவர் யாழ்ப்பாணம் பக்கத்துத் தீவு ஒன்றின் வலைகாரர்களுக்குத் தலைவர் அருளப்பு. மெலிந்த மனிதர், பேசுவதற்கு முன் ஒருமுறை இருமுவார். பிரச்சினை நாம் எல்லோரும் அறிந்ததுதான். இந்தப் பக்கத்து விசைப்படகுகள் அந்தப் பக்கம் போகின்றன. அங்கே சின்னப் படகுக்காரர்கள் இருட்டில் விரித்துவைத்த வலைகளை, விசைப்படகு இழுத்துவரும் இழுமடி வலை அறுத்துக்கொண்டு போகிறது. மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன் அந்தத் தகராறில் கல் பறந்தது. சேசுராஜின் மகன் நெற்றி கிழிந்து கரை திரும்பினான். அருளப்புவின் மகன் அறுந்த வலையோடு கடலுக்குள் இழுபட்டு, விடிந்த பிறகுதான் உயிரோடு கிடைத்தான். வரும் வாரம் தடைக்காலம் முடிகிறது, அமாவாசையும் அதே வாரம். இரண்டு மகன்களும் மறுபடி அதே தண்ணீருக்குப் போகப்போகிறார்கள். இரண்டு கரையிலும் பையன்கள் இப்போதே படகில் கல் ஏற்றிவிட்டார்கள்.

எதிரியோடு பேசப் போவதாக ஊரில் சொல்லிவிட்டுக் கிளம்ப முடியுமா? அருளப்புவுக்குச் சிரமமில்லை. அவர் மனைவிக்கு நிஜமாகவே வேலூர் ஆஸ்பத்திரியில் இருதய வைத்தியம். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தார்கள். சேசுராஜ் தன் மனைவியிடம் வயிற்று வலி என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். வேலூருக்குப் போகிறேன் என்றால் எந்த ஊரிலும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். உடம்பைப் பார்த்துக்கொள் என்றுதான் சொல்வார்கள்.

மதியச் சாப்பாட்டில் ஜெசிந்தா ஒரு தவறு செய்தாள். விருந்தாளிகள் மீனவர்களாயிற்றே என்று மீன் குழம்பு வைத்துவிட்டாள். எங்கோ ஓர் அணையிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்த கட்லா. காலையிலிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத இரண்டு தலைவர்களும் தட்டைப் பார்த்தார்கள். "இது எப்பச் செத்துச்சாம்?" என்று சேசுராஜ் பொதுவாகக் கேட்டார். அருளப்பு இருமினார். "போன பெருநாளுக்கு எண்டு நினைக்கிறன்" என்றார். சேசுராஜுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஜெசிந்தா பாவம், முகம் சுண்டிப்போய் பிரியாணிக்கு ஆள் அனுப்பினாள். பிளேட் நூற்று அறுபது, தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய். இரண்டு நாடுகளும் ஒருமித்துக் கண்டித்த முதல் விஷயம் அந்தக் கட்லாதான்.

திங்கட்கிழமை காலை நன்றாகவே போனது. கம்பெனி வேலை நாள். கீழ்த்தளத்தில் தையல் இயந்திரங்களின் ஓட்டத்துக்கு மேலே இவர்கள் குரல் உயர்த்திப் பேச வேண்டியிருந்தது. எல்லைக்கோட்டைப் பற்றிப் பேசுவதில்லை, அது அரசுகளின் பாடு என்று முதலிலேயே ஒதுக்கிவிட்டார்கள். வலையின் இரண்டு முனையிலும் மினுக்கும் விளக்கு கட்டுவதாக அருளப்பு ஒப்புக்கொண்டார். வலை அறுந்தால் கல் எடுப்பதற்கு முன் போன் எடுப்பது என்றும் முடிவானது. நானே சற்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாம் கெட்டது. மாதாமாதம் அமாவாசையை ஒட்டி எத்தனை இரவு விசைப்படகுகள், அருளப்புவின் ஆட்கள் வலை விரிக்கும் அந்த வலைப்பாட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. தேய்பிறை முழுக்க, பதினைந்து இரவு என்றார் அருளப்பு. மூன்று என்றார் சேசுராஜ். நடுவே ஒன்பது இருக்கிறது என்று தொடக்கப் பள்ளிப் பிள்ளை கூடச் சொல்லிவிடும். ஆனால் அந்த அறையில் யாராலும் சொல்ல முடியவில்லை. சேசுராஜ் நான்கு என்று வாய் திறந்தால் அவருடைய ஆட்கள் இரண்டு பேரும் ஊரில் போய், தலைவர் விற்றுவிட்டார் என்பார்கள். அருளப்பு பதினான்கு என்றாலும் அதே கதை.

"மூணுன்னு நான் சொன்னதே ஜாஸ்தி. ஊருல போயி நான்தான் பதில் சொல்லணும்" என்று சேசுராஜ் எழுந்தார்.

அருளப்பு உட்கார்ந்தபடியே சொன்னார்: "என்ர பொடியன் கடலுக்குள்ள விழுந்தவன் அண்ணை. மூண்டு நாளைக்கு மட்டுந்தானோ அவன் எனக்குப் பொடியன்?"

சேசுராஜ் படியிறங்கிப் போய்விட்டார். காலையில் காட்பாடி போய் ரயில் ஏறுகிறேன் என்று துணைக்கு வந்தவரிடம் சொல்லி அனுப்பினார். நான் நினைத்தபடியே ஆயிற்று. அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

ஜெசிந்தா அவரைத் தடுக்கவில்லை. காட்பாடிக்குப் போகும் வழியில் பொய்கை இருக்கிறது, செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தை, பார்த்துவிட்டுப் போங்கள் என்று மட்டும் சொன்னாள். வேலூரிலிருந்து அருளப்புவையும் அங்கேயே வரச் சொல்லிவிட்டாள்.

செவ்வாய் காலை எட்டு மணிக்குப் பொய்கையில் இருந்தோம். தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி எங்கே பார்த்தாலும் மாடுகள். ஆந்திராவிலிருந்து வந்தவர்களின் தெலுங்கும் நம் ஊர்த் தமிழும் சாணி வாடையும் கலந்து கிடந்தன. எட்டு மணிக்கே தலை கொதித்தது. சேசுராஜ் வியர்வை துடைக்க எழுபது ரூபாய்க்கு ஒரு துண்டு வாங்கினார். நானும் ஒன்று வாங்கினேன்.

ஒரு சோடி காளைக்குப் பக்கத்தில் இரண்டு பேர் கைகுலுக்குவது போல நின்றிருந்தார்கள். கைகளின் மேல் ஒரு துண்டு கிடந்தது. விலை பேசுகிறார்கள், ஆனால் வாயில் பேச்சே இல்லை. துண்டுக்குள் விரல்கள் மட்டும் அசைந்தன. ஒருவர் தலையை ஆட்டி மறுத்தார், இன்னொருவர் மறுபடி விரல் பிடித்தார். இரண்டு கரையிலும் மீன் ஏலம் கூச்சல்தான்; கடற்கரை முழுக்கக் கேட்க வேண்டும். அதிலேயே பழகிய இரண்டு மீனவர்களும் இதை வாய் பிளந்து பார்த்தார்கள். எதற்கு மறைக்கிறீர்கள் என்று அருளப்பு கேட்டார்.

"வாயத் தொறந்து சொன்னா சந்தையே கேக்கும்பா. அப்புறம் ஏத்தவும் முடியாது எறக்கவும் முடியாது, பேஜாரு" என்று மாட்டுக்காரர் திரும்பாமலே சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

சேசுராஜ் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு புளியமரத்தடி டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்து, தோளில் கிடந்த புதுத் துண்டை எடுத்து வலது கைமேல் போட்டுக்கொண்டார். அருளப்புவைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"வாங்க. ஒரு வெரலு ஒரு ராத்திரி" என்றார்.

அருளப்பு இருமவில்லை. எதிரே உட்கார்ந்து துண்டுக்குள் கையை விட்டார்.

துணைக்கு வந்த நால்வரும் சுற்றி நின்றார்கள். நான் டீ வாங்கினேன், பதினைந்து ரூபாய். குடித்து முடித்தும் ஆகவில்லை, இன்னொன்று வாங்கினேன். சேசுராஜின் புருவம் ஏறி இறங்கியது. அருளப்பு ஒருமுறை கையை உருவப் பார்த்தார், சேசுராஜ் விடவில்லை. துண்டு கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தது. அப்புறம் மெதுவாக அசைந்தது. யார் ஏறினார், யார் இறங்கினார், எத்தனை படி என்பது அந்த இரண்டு கைகளுக்கு மட்டுமே தெரியும். ஜெசிந்தா மாடுகளைப் பார்ப்பது போலத் திரும்பி நின்றிருந்தாள், கழுத்துச் சிலுவையைக் கெட்டியாகப் பிடித்தபடி.

அருளப்பு திடீரென்று சிரித்தார். சேசுராஜ் துண்டை எடுத்து உதறினார். கைகள் கோத்தபடி இருந்தன.

"ஒம்பது" என்றார் சேசுராஜ். "அமாவாசைக்கு முன்னால நாலு, பின்னால நாலு."

"ஓம்" என்று ஒப்புக்கொண்டார் அருளப்பு.

அவ்வளவுதான். சேசுராஜின் ஆட்கள் அவர் மூன்றிலிருந்து ஏறியதைக் கேட்கவில்லை, அருளப்புவின் ஆட்கள் அவர் பதினைந்திலிருந்து இறங்கியதையும் கேட்கவில்லை. எல்லோர் காதிலும் விழுந்த எண் ஒன்றுதான், அது இரண்டு பேருக்கும் பொது. நான் கைதட்டிவிட்டேன். மாடு ஒன்று மிரண்டது. வெட்கமாக இருந்தாலும் நிறுத்த முடியவில்லை. ஜெசிந்தாவின் கண் கலங்கியிருந்தது, வெயில் என்றாள். இதற்காகத்தான் கூட்டிவந்தாயா என்று கேட்டேன். "எங்கப்பா தோல் வாங்குனது இப்டித்தான்க்கா. நான் எடுத்துச் சொல்லியிருந்தா கேட்டிருப்பாங்களா? பாக்கட்டும்னு விட்டேன்" என்றாள். இதற்கு ஒப்பந்தம் என்று பெயர் வைக்கலாமா என்றேன். "பேரெல்லாம் வேணாம். பேர் வெச்சா டெல்லியும் கேக்கும், கொழும்பும் கேக்கும்."

மதியம் காட்பாடி நிலையத்தில் பிரிந்தோம். வழியனுப்ப அருளப்புவின் மனைவியும் வந்திருந்தார். வயிற்று வலிக்காரர் வெறுங்கையோடு ஊர் திரும்பினால் நம்புவார்களா என்று கேட்டு, தன் ஆஸ்பத்திரிப் பையில் ஒன்றைச் சேசுராஜுக்குக் கொடுத்தார். இரண்டு தலைவர்களும் நம்பர் மாற்றிக்கொண்டார்கள். என்ன பெயரில் பதிவது என்பதில் சின்னக் குழப்பம். பிறகு சேசுராஜ் 'வேலூர் டாக்டர்' என்று பதிந்தார். அருளப்புவும் அதையே பதிந்தார். இரண்டு நாள் முன்பு இந்தச் சின்ன அமைப்பைக் கேலி செய்தபடி வந்தவள், பெருமை தாங்காமல் ரயில் ஏறினேன். எழுபது ரூபாய்த் துண்டை அடுக்குமாடிச் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு எடுத்துப்போவது என்று அரக்கோணத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

அடுத்த வாரம் ஜெசிந்தா போனில் சொன்னாள். தடைக்காலம் முடிந்த முதல் இரவு. விடியும் நேரத்தில் ஒரு விசைப்படகு இறாலைத் துரத்திக்கொண்டு வலைப்பாட்டுப் பக்கம் போய்விட்டது. அங்கே வலைக்குக் காவல் இருந்தவன் அருளப்புவின் மகன். அவன் கல்லை எடுக்காமல் அப்பாவுக்குப் போன் போட்டான். இந்தக் கரையில் சேசுராஜின் மனைவி, கையில் போனோடு கலங்கிப்போய் அவரை எழுப்பினாராம். "ஏங்க, வேலூர் டாக்டர் இந்நேரத்துக்குக் கூப்பிடுறாரு. ரிப்போர்ட்டுல என்னமும் இருக்கா?"

சேசுராஜ் போனைக் கேட்டுவிட்டு வாக்கிடாக்கியை எடுத்தார். வழி தவறிய படகு அவருடையதுதான். ஓட்டியது அவர் மகன்.

"வெளக்கு மினுக்குது பாரு. திருப்புடா" என்றார்.

படகு திரும்பியது. வலை முழுசாக இருந்தது. சேசுராஜின் மனைவி இன்னும் அவருக்கு மிளகாய் இல்லாத கஞ்சிதான் கொடுக்கிறாராம். டாக்டர் வாரம் இரண்டு முறை பேசுகிறாரே, சும்மாவா பேசுவார் என்கிறாராம். அன்று காலை இரண்டு கரையிலும் இரண்டு பையன்களும் வீட்டுக்கு வந்து, பசிக்கிறது என்று சொல்லிச் சாப்பிட உட்கார்ந்தார்கள்.