ஆத்தாடிப்பட்டிக்காரி

ராமுத்தாய் பிறந்தது சாத்தூருக்குத் தெற்கே, ஆத்தாடிப்பட்டியில். கை சுட்டாலும் கால் இடறினாலும் நாமெல்லாம் 'ஆத்தாடி' என்போம். அந்த ஊர்க்காரர்கள் சொல்லமாட்டார்கள். உயிருக்கு ஆபத்து என்றால்தான் அது அவர்கள் வாயில் வரும். கேட்ட ஊர்க்காரன் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவரவேண்டும். அவர்கள் கோயிலில் செய்துகொண்ட சத்தியம் அது.

1956-இல் கல்யாணமாகிச் சிவகாசியில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்தாள். நாங்கள் வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டினோம். எதிர்வீட்டு மூக்கம்மாள் பசைச்சட்டியில் கையைச் சுட்டுக்கொண்டு, "ஆத்தாடி! மதினி, உங்க ஊரைக் கூப்பிட்டுட்டேன், கோவிச்சுக்கிறாதீக" என்பாள். ராமுத்தாய்க்குச் சிரிப்பு வந்துவிடும்.

புருஷன் செல்லப்பாண்டி சாராயம் குடித்துவிட்டு விறகுக்கட்டையால் அடிப்பான். ஒருதரம் முன்பல் இரண்டும் போயின. சுவருக்கு இந்தப்பக்கம் அடி விழும் சத்தம் கேட்கும். அவள் குரல் கேட்காது.

"உங்க ஊர்ப் பேரைச் சொல்லிக் கூப்பிடேன்டி. எவன் வாரான்னு பாப்போம்" என்பான்.

வருவதற்கு ஆள் இருந்தது. அடுத்த தெருவில் அவள் அண்ணன் சுடலை இருந்தான். பல் என்னாச்சு என்று அவன் கேட்டபோது, கிணற்றடியில் வழுக்கியதாகச் சொல்லிவிட்டாள்.

"அவன் வந்தா வெட்டாமப் போகமாட்டான்க்கா. தூக்குல போட்டுருவாக" என்றாள் என்னிடம்.

கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து, ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம். சோறு ஆகவில்லை என்று செல்லப்பாண்டி பசைச்சட்டியை எட்டி உதைத்தான். கொதிபசை அவள் காலில் கொட்டியது. அப்போதும் வாய் திறக்கவில்லை. மகள் வள்ளித்தாய்க்கு மூன்று வயது. பயந்து அழுத பிள்ளையின் முடியைப் பிடித்து, அடுப்புக்கு நேரே முகத்தை அழுத்தினான்.

"ஆத்தாடியோ!"

தெரு முழுக்கக் கேட்டது. நான் ஓடிப்போய்ப் பிள்ளையைப் பறிப்பதற்குள் சுடலை அரிவாளோடு வந்துவிட்டான். முதல் வெட்டு தோளில். செல்லப்பாண்டி வாசலுக்கு ஓடினான். அடுத்தது கழுத்தில் விழ, காயப்போட்டிருந்த பெட்டிகள்மேல் சரிந்தான்.

"ஏலே சுடலை, போதும்லே! செத்துட்டான்லே!" என்று மூக்கம்மாள் கத்தினாள். அவன் நிறுத்தவில்லை.

தூக்கு இல்லை, ஆயுள் தண்டனை. பாளையங்கோட்டை ஜெயிலுக்கு அவளோடு நானும் போனேன். சுடலை கம்பிக்குப் பின்னால் நின்று அவள் காலைப் பார்த்தான். தோல் உரிந்த இடமெல்லாம் வெளுத்திருந்தது.

"ஏன் தாயி இம்புட்டு நாளாக் கூப்பிடலை?"

"நீ இங்கன வந்து நிப்பேன்னுதான்."

"கிறுக்கச்சி. அன்னைக்கே கூப்பிட்டிருந்தா பல்லாவது மிஞ்சியிருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. உள்ளே சோறு போதுமான அளவு போடுகிறார்களா என்று கேட்டாள்.