கடுக்காய்த் தண்ணீரில் ஊறிய புகைக்குழாய்

ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் டேனரியில் எனக்குத் தரம் பிரிக்கும் வேலை. பதனிட்டுக் காய்ந்த ஆட்டுத்தோலை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உண்ணிக்கடி, கத்திக்காயம், கறை எல்லாம் பார்த்து, முதல் தரம், இரண்டாம் தரம் என்று ஒதுக்கி, கட்டாகக் கட்டிச் செங்காவியால் என் அடையாளத்தைப் போட வேண்டும். என்னைப் போல இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். அவர்கள் கட்டிய கட்டையெல்லாம் முதலாளி அவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் மெட்ராசுக்கு அனுப்புவார். என் கட்டை மட்டும் அவிழ்க்க மாட்டார். "அது அவன் கட்டு, ஏத்து வண்டில" என்பார், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் அந்த ஊரில் நெஞ்சை நிமிர்த்தி நடந்த நடை இருக்கிறதே, இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

முதலாளி மக்காவுக்குப் புறப்பட்டார். பம்பாய் போய்க் கப்பலேறித் திரும்பி வர நாலு மாதம் பிடிக்கும் என்றார்கள். போவதற்கு முதல் நாள் தன் மோட்டார் சைக்கிளை ஆள் வைத்துத் தள்ளிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கிய வண்டி அது. அதன் புகைக்குழாய்க்கு நிக்கல் பூச்சு. அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம். நான் வாரியிருக்கிறேன்.

"என் வீட்ல வெச்சா மருமகனுங்க ஆளுக்கொரு பக்கம் எடுத்துட்டுப் போய்டுவானுங்க. அதான் உன்கிட்ட விடறேன்" என்றார். "வாரத்துக்கு ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓடவிடு, போதும். ரோட்ல எடுக்காதே. உனக்குப் பழக்கமில்ல."

கைப்பிடியில் இருந்த ஒரு சின்ன நெம்புகோலைக் காட்டினார். "உதைக்கறதுக்கு முன்னால இத்தப் பின்னால தள்ளிடணும். இல்லன்னா எகிறி உன் காலை ஒடச்சிடும்."

"நீங்க நிம்மதியா போய்ட்டு வாங்க மொதலாளி. உங்க வண்டி மேல ஈ உக்காராது" என்றேன். ஈ உட்காரவில்லைதான். நான் உட்கார்ந்தேன்.

ஐந்து வாரம் சத்தியமாக நின்ற இடத்திலேயே ஓடவிட்டேன். ஆறாவது ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து, வண்டியை உதைத்தேன். அது படபடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னாப்பா, நின்ன எடத்துலயே கத்துதே, வண்டி போவாதா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. போகுமா போகாதா என்று காட்டுகிறேன் என்று ஏறி உட்கார்ந்தேன். சைக்கிள் ஓட்டிய பழக்கம் இருந்ததால் விழவில்லை. விழுந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

தெருக்கோடி வரை போய்த் திரும்பியிருக்கலாம். எனக்கோ தலைகால் புரியவில்லை. மாதனூர் வழியாக ஒடுகத்தூர்ப் பக்கம் திருப்பிவிட்டேன். அங்கேதான் என் மனைவியின் அண்ணன் இருந்தார், மணிலாக்கொட்டை என்கிற வேர்க்கடலையும் நெல்லும் பயிரிடுகிறவர். நான் கட்டை வண்டியில் போய் இறங்கும் போதெல்லாம், "தோல் ஷாப்பு தொர வந்துட்டாரு" என்று நாலு பேர் முன்னால் கிண்டல் செய்வது அவர் வழக்கம். அன்றைக்கு அவர் களத்தில் கொட்டை காய வைத்துக்கொண்டிருந்தார். நான் நேரே களத்து ஓரம் போய் நிறுத்தினேன். ஊரே கூடிவிட்டது. மச்சான் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "ஏன் மாப்ள, கொயாய் இன்னா மயில் கழுத்து மாதிரி இருக்குது?" என்று மட்டும் கேட்டார்.

குனிந்து பார்த்தேன். வெள்ளி மாதிரி இருந்த புகைக்குழாய், எஞ்சினிலிருந்து முழ நீளத்துக்கு நீலமும் ஊதாவும் மஞ்சளுமாக மாறியிருந்தது. "சீமை வண்டி இல்லியா, சூடானா அப்டித்தான் கலர் வரும். ஆறினா போய்டும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஆறியது. போகவில்லை.

நின்ற இடத்தில் ஐந்து நிமிஷம் ஓடிய வண்டிக்கு அந்த நிறம் வராது என்பது குழந்தைக்கும் தெரியும். முதலாளி வந்து பார்த்தால் நான் ஓட்டினேன் என்று குழாயே சொல்லிவிடும். வண்டி விஷயத்தில் பொய்யன் என்றால் தோல் விஷயத்தில் மட்டும் யோக்கியனா என்று அவருக்குத் தோன்றாதா? என் கட்டையும் அவிழ்க்கச் சொல்லிவிட்டால் மற்ற மூன்று பேர் முகத்தில் எப்படி விழிப்பது? இந்தப் பயம் பிடித்துக்கொண்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. பெட்ரோலை மட்டும் ஒரு தகரம் வாங்கிவந்து சாமர்த்தியமாகப் பழைய அளவுக்கு ஊற்றி வைத்தேன்.

முதலில் சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு தேய்த்தேன். நீலம் இன்னும் பளபளப்பாகத் தெரிந்தது. அடுத்தது புளி. பித்தளைக் குடத்துக்கு ஆகிற புளி குழாய்க்கு ஆகாதா என்று ஒரு பெரிய உருண்டையைக் கரைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் மனைவி வந்து நின்று பார்த்தாள்.

"இன்னாங்க இது, ஒரு மாசத்துப் புளி! கொழம்பு வெக்க வேணாமா?"

"கொழம்பு ஒரு நாள் இல்லன்னா உயிர் போயிடாது. நீ போ."

"எங்கண்ணன்கிட்டப் பவுசு காட்டிட்டு வந்தீங்க இல்ல, அனுபவிங்க. நான் இன்னா சொல்றேன்னா, அவரு வந்தவொடனே ஓட்டிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இன்னா, தலையவா எடுத்துடுவாரு?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்றேன். எனக்கு எல்லாம் தெரியும் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

புளிக்கும் நீலம் அசையவில்லை. கோபம் வந்துவிட்டது. செங்கல்லை இடித்துச் சலித்து, மண்ணெண்ணெயில் குழைத்து, சாக்குத்துணியால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை தேய்த்தேன். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. நீலம் போயிற்று! வீட்டுக்குள் ஓடி மனைவியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். அவள் குனிந்து பார்த்து, "ஏங்க, கூடவே வெள்ளையும் போய்ட்டுதே" என்றாள். நிக்கல் பூச்சு முழுவதும் செங்கல் தூளோடு கழன்று வந்துவிட்டிருந்தது. உள்ளே இருந்த இரும்பு, அடுப்புக் கரண்டி நிறத்தில் பல்லைக் காட்டியது. மிச்சமிருந்த புளியையும் கரைத்து அலம்பிவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் குழாய் முழுக்கச் செந்துரு.

இதற்குப் பிறகு செய்ததுதான் என் வாழ்நாள் மடத்தனம்.

டேனரியில் தோலை ஆவாரம்பட்டைத் தொட்டியில் பதனிட்டு எடுத்தால் நிறம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். அதைக் கடுக்காய்த் தண்ணீரில் ஊற வைப்பார்கள். திட்டெல்லாம் மறைந்து ஒரே சீரான நிறம் வந்துவிடும். இதைத் தினமும் பார்க்கிறவன் நான். குழாயும் இப்போது திட்டுத் திட்டாகத்தானே இருக்கிறது? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். தொட்டிக்காரரிடம் பல்வலிக்குக் கொப்பளிக்க வேண்டும் என்று சொல்லி இரண்டு பாட்டில் நல்ல கெட்டிக் கடுக்காய்த் தண்ணீர் வாங்கிவந்தேன். பழைய வேட்டியைக் கிழித்து அதில் முக்கி, குழாயைச் சுற்றிலும் புண்ணுக்குக் கட்டுப் போடுவது போல இறுக்கிக் கட்டினேன். ஒரு நாள் முழுக்க ஊறட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் மாலை துணியை அவிழ்த்தேன். நிறம் சீராகத்தான் வந்திருந்தது. ஒரு திட்டு இல்லை. தலை முதல் வால் வரை அட்டைக் கறுப்பு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டேனரியில் இரும்பை உள்ளே விடாதவனே நான்தான். இரும்பு வளையம் போட்ட வாளியைத் தொட்டிப் பக்கம் கொண்டுவந்தால் கத்துவேன். ஒருமுறை ஒரு வேலையாள் துருப்பிடித்த ஆணியை ஈரத்தோல் மேல் போட்டுவிட்டார் என்று அரைமணி நேரம் வசை பாடியிருக்கிறேன். "கடுக்காயும் இரும்பும் சேந்தா இன்னா ஆகும்னு தெரியாது? மை ஆயிடும்யா, மை! ஒரு சொட்டு போதும், தோல் கறுத்துடும்!" என்று பாடம் வேறு நடத்தினேன். இரும்பால் தோல் கெடும் என்பது எனக்கு மனப்பாடம். அதே கடுக்காயால் இரும்பு கறுக்கும் என்று புரட்டிப் பார்க்க மட்டும் தோன்றவில்லை. ஆம்பூரில் பிறந்து, தோல் மண்டியில் வளர்ந்து, இதைச் செய்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

என் பத்து விரலும் கறுத்துப்போயிருந்தன. டேனரியில் கையை வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டே நாலு நாள் திரிந்தேன். "பல்வலி கைக்கு எறங்கிட்டுதா?" என்று தொட்டிக்காரர் கேட்டார்.

சித்திரை வெயிலில் முதலாளி வந்து இறங்கினார். ஸ்டேஷனில் ரோஜா மாலையும் கூட்டமுமாக இருந்தது. இளைத்துக் கறுத்துப்போயிருந்தார். அந்தக் கூட்டத்திலும் என்னைப் பார்த்துக் கூப்பிட்டுக் கட்டிக்கொண்டார். எனக்கு நெஞ்சு குறுகிவிட்டது.

இரண்டு நாள் கழித்து வண்டியை ஒப்படைக்கப் போனேன். உதைத்து ஓட்டிக்கொண்டு போனால் ஓட்டத் தெரியும் என்று ஆகிவிடுமே, அதனால் தள்ளிக்கொண்டே போனேன். ஊர்வெயில் அத்தனையும் என் முதுகில்தான். வழியில் பார்த்தவனெல்லாம், "இன்னா, எண்ணெ தீந்துபோச்சா?" என்று கேட்டான்.

முதலாளி வாசலில் வந்து நின்றார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார். குனிந்து குழாயை விரலால் தடவி, விரலை மூக்கருகே கொண்டுபோனார். நாற்பது வருஷம் தோலில் புழங்கின மூக்கு.

"கடுக்காய்" என்றார்.

"எண்ணெ போட மறந்துட்டேன் மொதலாளி, துரு புடிச்சிட்டுது. அத்த எடுக்கலாம்னு..." என்று இழுத்தேன்.

அவர் எஞ்சினுக்குப் பின்னால், குழாய் வளைகிற இடத்தில் எட்டிப் பார்த்தார். அங்கே என் சாக்குத்துணியும் போகவில்லை, வேட்டிக் கிழிசலும் போகவில்லை. நீலம் அப்படியே இருந்தது. அவர் பார்த்தார். அவர் பார்த்ததை நானும் பார்த்தேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. கைப்பிடியில் இருந்த அந்தச் சின்ன நெம்பில் விரலை வைத்தார். "பின்னால தள்ளறது உதைக்கறதுக்கு மட்டும்தான். வண்டி ரோட்ல கெளம்பினதும் இத்த முன்னால தள்ளிடணும். இல்லன்னா கொழாய் காஞ்சி நீலமாயிடும். நான்தான் உனக்குச் சொல்லாம போய்ட்டேன். தப்பு என்னுது" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இதைவிட ஒரு மனிதர் எப்படிக் கதவைத் திறந்து வைப்பார்? ஆமாம் மொதலாளி, ஒரு தரம் ஓட்டிட்டேன் என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. வாய் வரை வந்தது. ஆனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"எனக்கெதுக்கு மொதலாளி அதெல்லாம்? நான் எங்க ஓட்டப்போறேன்?"

அவர் நெம்பிலிருந்து கையை எடுத்தார். "சரி, உள்ளே வா. பேரீச்சம்பழம் சாப்பிடு" என்றார். தட்டு நிறையக் கொடுத்தார். வீட்டுக்கும் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். நான் தப்பித்தேன், தப்பித்தேன் என்று மனசுக்குள் கும்மாளம் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நடந்ததைச் சொன்னபோது என் மனைவி சிரிக்கவில்லை. பொட்டலத்தை வாங்கி மாடத்தில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை டேனரியில் மெட்ராஸ் வண்டி நின்றுகொண்டிருந்தது. என் கட்டு ஏழு, செங்காவி அடையாளத்தோடு வரிசையாக இருந்தது. நான் பழக்கப்படி, "ஏத்துப்பா" என்று ஆளைப் பார்த்துச் சொன்னேன். முதலாளி கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். தரையில் உட்கார்ந்து, என் முதல் கட்டின் முடிச்சைத் தன் கையாலேயே அவிழ்த்தார். மற்ற மூன்று பேரும் கையில் இருந்த தோலைக் கீழே போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒவ்வொரு தோலாக எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு பக்கமும் பார்த்தார். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஏழு கட்டிலும் ஒரு தோல்கூடத் தரம் தப்பியிருக்கவில்லை. "சரியா இருக்குது" என்று சொல்லித் திரும்பக் கட்டச் சொன்னார். அதற்குப் பிறகு அவரிடம் பன்னிரண்டு வருஷம் வேலை செய்தேன். என் கட்டை அவிழ்க்காமல் ஒரு நாளும் அனுப்பவில்லை. ஒரு நாளும் ஒரு குறையும் கண்டுபிடிக்கவில்லை.