என் சூனியக்காரியின் பாதம்

2005-இல் பதின்வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு மாயாஜால நாவல் எழுதினேன். பதிப்பகம் எதுவும் ஏற்காததால் நானே திண்டிவனத்தில் ஓர் அச்சகத்தில் கொடுத்து அச்சடித்தேன். மரக்காணத்தில் எங்களுக்கு உப்பளம் உண்டு. கதையும் உப்பளத்தில்தான் நடக்கும். அங்கே உருமாறித் திரியும் சூனியக்காரியை, வெளுத்து வெடித்த பாதத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். அந்தக் கற்பனையில் எனக்கு ஏகப் பெருமை.

உள்ளூர்ப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அதைப் படித்துக் காட்டிவிட்டு, "சூனியக்காரியை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டேன்.

"காலப் பாத்துதான் மிஸ்!" என்று வகுப்பே கத்தியது.

ஒரு மாணவி மட்டும் தலைகுனிந்திருந்தாள். எங்கள் உப்பளத்தில் வேலை செய்யும் அஞ்சலையின் மகள். அவளுக்குச் சாப்பாடு கொண்டுவந்த அஞ்சலை, வாசலில் நின்று கதை கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகளின் பார்வை அங்கே திரும்பியது. அவர் சிரித்தபடியே புடவையை இறக்கிப் பாதத்தை மூடிக்கொண்டார். உப்புநீரில் நின்று நின்று வெளுத்து வெடித்த, வருஷக்கணக்காக நான் பார்த்த பாதம். சூனியக்காரியின் பாதம் எங்கிருந்து என் கதைக்குள் வந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"கதைதானம்மா, வுடுங்க. பொண்ணுதான், நீ இனிமே ஸ்கூலாண்ட வராதன்னு சொல்லிடுச்சு" என்றார்.

மீதிப் பிரதிகளை நான் விற்கவில்லை. இப்போது எதை எழுதினாலும் அச்சுக்குப் போகும் முன் அஞ்சலைக்குப் படித்துக் காட்டுகிறேன். ஆர்வமாகக் கேட்கிறார், திருத்தமும் சொல்கிறார். ஆனால் இன்றுவரை என் எதிரில் கால்களைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டுதான் உட்காருகிறார்.