அப்பாவின் மேல்பல்

எங்கள் பெரியம்மாவிடம் முழங்கால் வலி என்று போனால், முதலில் வாயைத் திறக்கச் சொல்வார். கடைவாய்ப் பல்லுக்கும் முழங்காலுக்கும், முன்பல்லுக்கும் சிறுநீரகத்துக்கும், மேல்பல்லுக்கும் கண்ணுக்கும் நரம்பு ஓடுவதாகக் காட்டும் படம் ஒன்று அவர் கள்ளிக்குப்பம் வீட்டுச் சுவரில் தொங்கியது. பொருட்காட்சியில் வாங்கியது. எனக்கு அப்போது ஒன்பது வயது. படத்தை மனப்பாடம் செய்துவிட்டு, தும்முகிறவர்களை எல்லாம் வாயைத் திறக்கச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் அப்பாவின் இதயத்தில் ஒரு வால்வு கெட்டிருப்பதாகச் சொன்னார்கள். ஆபரேஷன் செய்தாக வேண்டும். ஆனால் மேல்வரிசையில் ஒரு பல் சீழ் பிடித்திருந்தது. அந்தச் சீழ் ரத்தத்தில் கலந்து இதயத்துக்குப் போய்விடுமாம். பல்லை எடுத்துவிட்டு வந்தால்தான் தேதி கொடுப்போம் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பல்லுக்கும் இதயத்துக்கும் தொடர்பு உண்டென்று டாக்டரே ஒப்புக்கொண்டதில் பெரியம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. கூடவே பயமும் வந்துவிட்டது.

"மேல்பல்லு தம்பி அது. புடுங்குனா கண்ணு அவிஞ்சி பூடும். அப்பாலிக்கா எப்டி வண்டி ஓட்டுவே?"

அப்பா அம்பத்தூரில் ஷேர் ஆட்டோ ஓட்டினார். "அண்ணி சொல்றதுல இன்னா தப்பு கீது?" என்று அம்மாவிடம் கேட்டார். அதுவரை அண்ணி சொன்ன எதையும் அவர் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. அம்மா கத்தினாள், அழுதாள். அப்பா இரண்டு முறை பல் ஆஸ்பத்திரி வாசல்வரை போய், சவாரி வந்துவிட்டது என்று திரும்பிவிட்டார். மாடிப்படி ஏறும்போது அவருக்கு மூச்சு வாங்குவது எனக்கு உள்ளேயிருந்தே கேட்கும்.

வகுப்பில் என்னால் உட்கார முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வராந்தாவில் நடந்து பார்ப்பேன். நெஞ்சில் கைவைத்து, இது நின்றால் என்ன ஆகும் என்று யோசிப்பேன். அப்பாவுக்கு எது இல்லாவிட்டால் பரவாயில்லை என்று முடிவு செய்யவே முடியவில்லை.

மூன்றாவது முறை அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு கூடவே வந்தாள். அப்பா பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்த வேகத்தில் எழுந்து, இன்னொரு நாள் வருகிறேன் என்று செருப்பைத் தேடினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"டாக்டர், மேல்பல்லப் புடுங்குனா எங்கப்பாவுக்குக் கண்ணு போயிடுமா?"

"போகாதும்மா. எங்கம்மாவுக்கே நான் நாலு எடுத்திருக்கேன். உக்காந்து சீரியல் பாக்குறாங்க," என்றார் அந்த டாக்டரம்மா. பிறகு அப்பாவிடம், "வேற எதாவது பயம் இருக்கா சார்?"

அப்பா என்னையே பார்த்தார். பிறகு சாய்ந்து வாயைத் திறந்தார்.

திரும்பி வரும் வழியெல்லாம் விரல்களை நீட்டி எத்தனை என்று கேட்டேன். வாயில் பஞ்சோடு அவரும் விரலாலேயே பதில் சொன்னார். எல்லாம் சரி. சாலை என்றும் பார்க்காமல் குதித்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, அப்பா மறுபடி ஆட்டோ ஓட்டினார். அவருக்குப் பயம் நெஞ்சைத் திறப்பதில்தான் என்பதும், அந்தப் பல் இருக்கும்வரை தேதி வராது என்றுதான் அதை விடாமல் வைத்திருந்தார் என்பதும் எனக்கு வெகுகாலம் கழித்தே விளங்கின.

பல் எடுத்த அன்று மாலை, பஞ்சைத் துப்பிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "அத்த ஏன் பாப்பா அங்க கேட்ட?"

பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். "நீதான பயந்துகினு இருந்த. அதாம்பா," என்றேன்.